தொலைவழியில் பயிலும் மருத்துவர்

“அஞ்சல் வழியில் படித்தவரா அவசர சிகிச்சை அளிப்பது?” என்று உறவினர்கள் சிலர் ஐயுறுகின்றனர். நியாயமான ஐயமே.

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் அவசர மருத்துவத்திலும் உயிர்மீட்பு மருத்துவத்திலும் முதுநிலைப் படிப்பை இணையவழியில் கற்பிக்கிறது. பணியிலுள்ள மருத்துவர் தம் இரவுப் பணியை விடாமலே பயிலலாம். இதனை நான் வரவேற்கிறேன். உயிர்மீட்பு நெறிமுறைகள் ஏறத்தாழ 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன. படிப்பை நிறுத்தியவர் பழைய முறையிலேயே நின்றுவிடுவார். சிற்றூர் மருத்துவர் படிப்பதற்காக ஊரைவிட்டுச் சென்றால், அங்கு வரும் நோயாளியை யார் காப்பது?

ஆயினும், திரையில் கற்க இயலாதவையும் உள்ளன. இதயம் நின்ற பெரியவரின் மார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்துவதும், மூச்சுப்பாதையில் குழாய் செலுத்துவதும் பயிற்சிப் பொம்மையிலும், மூத்த மருத்துவர் மேற்பார்வையில் நோயாளியின் படுக்கையருகிலும் பழகினால்தான் கைவரும். நம் நாட்டில் அவசர மருத்துவ எம்.டி. பட்டத்திற்கு 3 ஆண்டுகள் மருத்துவமனையிலேயே பணியாற்றிப் பயில வேண்டியிருப்பது இதனால்தான். தொலைவழிப் பட்டம் அதற்கு ஈடாகாது, துணையாகும்.

எனவே, பட்டம் எங்கே பெற்றது என்று கேட்பதோடு நில்லாமல், அவசரப் பிரிவில் செய்முறைப் பயிற்சி கடைசியாக எப்போது நடைபெற்றது என்றும் கேளுங்கள். அதற்கு விடையளிக்க நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.