மெய்நிகர் விளையாட்டும் கணினித் தேர்வும்

விழித்திருந்தே கனாக் காண விழைவது மாந்தர் இயல்பு. அவ்விழைவை நிறைவேற்ற வந்ததே மெய்நிகர் விளையாட்டு. ஓசூர் சிப்காட் ஆலைகளில் உழைப்போர் இல்லங்களிலும் இவ்வாசை புகுந்துளது. கணினி உறுப்புகள் வாங்கப் பெங்களூர் எஸ். பி. ரோட்டுக்குச் செல்லும் இளைஞர்க்கு யாம் கூறுவது ஒன்றே: கிராபிக்ஸ் கார்டை முதலிற் கருதுக, ஏனையவற்றைப் பின்னர்க் கருதுக.

ஏனெனில், 2016-ஆம் ஆண்டு வெளிவந்த ஓக்குலஸ் ரிஃப்ட் என்னுந் தலையணி, ஒவ்வொரு கண்ணுக்கும் 1080 × 1200 புள்ளிகள் கொண்ட படத்தை வினாடிக்கு 90 முறை காட்டுவது. ஆகவே ஒரு படத்தை வரையக் கணினிக்குக் கிட்டுங் காலம் ஏறக்குறைய 11 மில்லி வினாடியே. கணினி பின்தங்குமாயின், தலை திரும்பியும் காட்சி உடன் திரும்பாது; கண்ணும் உட்செவியும் தம்முள் முரணிக் குமட்டல் உண்டாம். மானிட்டர் விளையாட்டில் வெறும் இடையூறாவது, ஈண்டு உடற்றுன்பமே ஆகும். 2023-இல் வந்த மெட்டா குவெஸ்ட் 3-இலோ ஒரு கண்ணுக்கு 2064 × 2208 புள்ளிகள். எனினும் அது கணினியின்றியும் இயங்கவல்லது. ஆதலின், கணினி வேண்டுமா என்பதே முதல் வினா.

மடிக்கணினி பாடத்துக்கும் உதவுமே என்பார் உளர். மெய்யே, ஆயினும் அதன் கிராபிக்ஸ் உறுப்பைப் பெரும்பாலும் மாற்றலாகாது. மேசைக் கணினியிலோ கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வண்ண விளக்கெரியும் பெட்டிக்குப் பொருளை இறைத்துவிட்டுக் கார்டிற் சிக்கனம் பிடிப்பது பேதைமை.

கோபுரங் கட்டப் புகுவோன் முன்னரே அமர்ந்து செலவை எண்ணுதல் வேண்டுமென ஆண்டவர் அருளிய உவமை இதற்கும் பொருந்தும். பெற்றோர் இரவு ஷிப்டில் ஈட்டிய கூலி விளக்கலங்காரத்திற் கரையலாகாது.