உதவுக, ஆணையிடற்க!

கலை கற்க விரும்பிய இளைஞர் உரோமாபுரியை நாடிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயி 1666 ஆம் ஆண்டிலேயே தன் நாட்டு இளங்கலைஞர் தங்கிப் பயில்வதற்கென அந்நகரில் ஒரு கழகம் நிறுவினான். 1894 இல் அமெரிக்கரும் அங்கு ஒரு பள்ளியைத் தொடங்கினர். இத்தாலி கொடுத்தது; உலகம் பெற்றது.

இன்று வெள்ளம் எதிர்த்திசையிலும் பாய்கின்றது. இத்தாலிய அரசாங்கம் தன் இளங்கலைஞரைப் பிறநாடுகளுக்கு அனுப்புகின்றது. வளர்ந்துவரும் கலைஞர் நியூயோர்க்கில் சில திங்கள் தங்கிப் பணியாற்றுவதற்கென, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இத்தாலியக் கழகத்தோடு கூடி, 2002 இல் ஒரு பரிசை ஏற்படுத்திற்று. 2017 இல் பண்பாட்டு அமைச்சு ‘இத்தாலியன் கவுன்சில்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. வெளிநாட்டில் தங்கிப் பணிசெய்வதற்கான உதவியும் பின்னர் அதிற் சேர்ந்தது. இவ்வாறு சென்றோர் தாம் ஆக்கியவற்றைத் தாம் தங்கிய நகரிலேயே கண்காட்சியாக வைப்பதும் உண்டு. பெயர் அறியப்படாத இளைஞரின் கண்காட்சிக்குப் பொதுப்பணம் செலவிடுவது தகுமா? இதுவே நம் முன்னுள்ள வழக்கு.

மறுப்போரின் வாதத்தை முதலிற் கேட்போம். “கோதுமை விளைப்பவனும் ஒலிவமரம் வளர்ப்பவனும் செலுத்திய வரிப்பணம் அது. அதனைக் கொண்டு ஓவியன் அந்நிய நகரில் அறையெடுத்துத் தங்குவதா?” என்பர். நேர்மையான கேள்வி. வரி செலுத்துபவனுக்கு இதனைக் கேட்கும் உரிமை உண்டு. விடை கூறும் கடமை திறைசேரிக்கு உண்டு.

விடை இதுதான். இத்தாலியின் பழங்கலையைக் காண உலகெங்குமிருந்து மக்கள் திரளுகின்றனர். அவர்கள் செலவிடும் பணத்தால் விடுதிக்காரரும் வண்டியோட்டியும் காய்கறி விற்பவரும் வாழ்கின்றனர். ஆனால் அப்பழங்கலையும் ஒருநாள் புதுக்கலையாக இருந்ததன்றோ? உரோமாபுரியின் புனித பேதுரு தேவாலயத்தில், மாண்ட மகனை மடியில் ஏந்திய அன்னையின் சிலை இருக்கின்றது. மைக்கலாஞ்சலோ அதனை 1499 அளவில் முடித்தபோது அவருக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டவில்லை. அவர் வளர்ந்த புளோரன்ஸ் வேறு அரசு; உரோமாபுரி வேறு அரசு. வேலையைக் கொடுத்தவரோ ஒரு பிரான்சியக் கர்தினால். ஊர்விட்டு ஊர் வந்த இளைஞன் ஒருவனை நம்பி அன்று கொடுக்கப்பட்ட கூலி, ஐந்நூறு ஆண்டுகளாகப் பலன் தந்துகொண்டிருக்கின்றது. பாட்டன் நிரப்பிய களஞ்சியத்தை உண்டுகொண்டே, விதைநெல்லுக்கு ஒரு மரைக்கால் ஒதுக்க மறுக்கும் வீடு எத்தனை போகத்துக்குத் தாங்கும்?

கைவிடப்பட்ட விதையின் கதையும் உண்டு. லிவோர்னோவிற் பிறந்த மொடிலியானி, 1906 இல் இருபத்தோராம் வயதிற் பாரிஸ் சென்றார். வறுமையும் காசநோயும் அவரை வாட்டின. வாழ்நாளில் அவருக்கெனத் தனியே நடந்த கண்காட்சி ஒன்றே. 1917 டிசம்பரில் பேர்த் வைல் என்னும் அம்மையாரின் கலைக்கூடத்தில் அது திறக்கப்பட்டது. சாளரத்தில் வைத்த நிர்வாண ஓவியங்களை அகற்றும்படி பொலிசார் கட்டளையிட்டனர். 1920 சனவரியில், முப்பத்தைந்தாம் வயதில், அவர் மாண்டார். அந்நாளில் அவர் தீட்டிய ஓவியம் ஒன்று 2015 நவம்பரில் நியூயோர்க் ஏலத்தில் 17 கோடி டொலருக்கு மேல் விலைபோயிற்று. இருந்தபோது சோறில்லை; இறந்தபின் கோடி! அக்கோடியில் ஒரு காசும் அவரை எட்டவில்லை.

ஆகவே அரசு உதவுக என்கின்றோம். ஆயின் வழக்கு இத்துடன் முடிந்துவிடவில்லை. உதவும் கை கழுத்தையும் நெரிக்கக்கூடும்.

முசோலினியின் ஆட்சியும் கலைஞருக்கு உதவியது. பிறநாடுகளில் இத்தாலியக் கண்காட்சிகள் நடக்க ஊக்கமளித்தது. அவற்றை முன்னின்று நடத்தியவர் மார்கரீத்தா சர்பாத்தி. 1926 இல் மிலான் நகரிற் கூடிய கண்காட்சியை முசோலினியே திறந்துவைத்தார். 1930 இல் புவனஸ் அயர்ஸ் வரை அவ்வியக்கத்தின் ஓவியங்கள் சென்றன. 1938 இல் யூதருக்கெதிரான இனச்சட்டங்கள் பிறந்தபோது, யூதரான அவ்வம்மையாரே நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. கொராடோ கால்யி என்னும் இளம் ஓவியரும் அவ்வாட்சிக்காகப் பெருஞ்சுவர்களில் ஓவியம் தீட்டியவர், அவரும் யூதர். அதே சட்டங்களால் அவர் பாரிசுக்கும் பின் அமெரிக்காவுக்கும் ஓடினார். அமெரிக்கப் படைவீரராக ஐரோப்பாவுக்குத் திரும்பி, புக்கன்வால்ட் வதைமுகாமிற் கண்ட கொடுமையை வரைந்தார். நாட்டின் பெருமையைக் காட்டத் தீட்டிய கைக்கு அந்நாட்டிலேயே இடமில்லாமற் போயிற்று. ஆள்வோரின் தயவிலே தொங்கும் உதவி, ஆள்வோரின் மனம் திரும்பும் நாளில் அறுந்துவிழும்.

எனவே நாம் தீர்ப்புக் கூறும்போது மூன்று நிபந்தனைகளை விதிக்கின்றோம். முதலாவது, யார் செல்வது என்பதைக் கலையறிந்தோர் தீர்மானிக்க வேண்டும். அமைச்சரின் பரிந்துரைக் கடிதம் தீர்மானிக்கக்கூடாது. இரண்டாவது, என்ன ஆக்குவது என்பது கலைஞனின் உரிமை. தூதரகம் மண்டபத்தைத் திறந்து கொடுக்கலாம். எது தொங்கலாம், எது தொங்கலாகாது என்று சொல்ல அதற்கு அதிகாரமில்லை. தன் நாட்டைக் கடிந்து தீட்டிய ஓவியமும் தன் நாட்டின் ஓவியமே. மூன்றாவது, பணம் கொடுத்த மக்களுக்குப் பங்கு வேண்டும். ‘இத்தாலியன் கவுன்சில்’ உதவியால் ஆக்கப்படும் படைப்புகள் இத்தாலியின் பொது அரும்பொருட்சாலைகளைச் சேரவேண்டும் என்னும் விதி இவ்வகையில் நல்ல விதி. அந்நிய நகரிலே தூதுவரும் செல்வரும் ஒருமாலை கூடிக் கலைவதோடு கண்காட்சி முடிந்துவிட்டால், வரி கொடுத்த உழவனுக்கு அதில் என்ன பங்கு?

இம்மூன்றும் நிறைவேறுமாயின் அச்செலவு வீண்செலவாகாது. அனுப்பப்பட்டோர் எல்லோரும் மைக்கலாஞ்சலோ ஆகிவிடுவர் என்று யாரும் உறுதி கூறவியலாது. எந்த மணி முளைக்கும், எது பதராகும் என்று தெரிந்தா உழவன் விதைக்கின்றான்? நிலத்தைப் பண்படுத்தி, நீர் பாய்ச்சி, வேலியும் கட்டிவிட்டு, முளைக்கும் வேலையைப் பயிரிடமே விட்டுவிடுகின்றான். அரசும் அவ்வளவே செய்க, அதற்குமேற் செய்யாதொழிக!