வலியைத் தாங்குவதுதான் ஸப்ரா?

பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர், ஈரோடு எனக் கொங்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் அறுவை சிகிச்சைக்காகக் கோவைக்கு வருகின்றனர். முந்திய நாள் பள்ளிவாசலில் துஆச் செய்யச் சொல்லும் குடும்பத்தார், மயக்க மருத்துவரிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. வலியைச் சகிப்பதே ஸப்ர் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அது சரியன்று. மருத்துவம் செய்துகொள்ளப் பணித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். வலியினால் பாவம் கழியும் என்பது வலியைத் தேடிக்கொள்வதற்கான அனுமதி ஆகாது. மேலும், வலியுள்ளவர் ஆழ்ந்து மூச்சிழுக்கவும் இருமவும் அஞ்சுவார். சளி நுரையீரலில் தங்கிவிடும்.

கத்தி படுமுன்பே வலிமருந்து கொடுக்கும் வழக்கத்திற்குக் காரணம் உண்டு. காயம்பட்டபின் தண்டுவட நரம்புகள் கூருணர்வு அடைந்து, சிறு தொடுதலையும் வலியாக்குகின்றன என்பதைக் கிளிஃபோர்ட் வூல்ஃப் 1983இல் எடுத்துக்காட்டினார்.

எந்த மருந்து என்பதில்தான் கவனம் வேண்டும். பாராசிட்டமால் மலிவானது, கல்லீரல் நலமாக உள்ளவர்க்கு உரிய அளவில் தீங்கு குறைவு. டைக்ளோஃபெனாக், கீட்டோரோலாக் ஆகியவை வலியுடன் வீக்கத்தையும் குறைக்கும். ஆயினும் சிறுநீரகக் கோளாறும் குடற்புண்ணும் உள்ளவர்க்கு ஆகா. வலிப்பு நோய்க்கென வந்த காபாபென்டினும் பிரிகாபலினும் பின்னர் அறுவைக்கு முன்பும் பரவலாகத் தரப்பட்டன. 281 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான அலசலோ, அவற்றால் வலி குறைவது நோயாளி உணருமளவிற்கு இல்லை என்றும், தலைச்சுற்றல் மிகுகிறது என்றும் கண்டது. முதியோர்க்கும் நுரையீரல் நோயாளிக்கும் இவற்றால் மூச்சு தளரக்கூடும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இலேயே எச்சரித்தது. ஆதலால் புதிய மருந்தே மேல் என்று நாம் கருத வேண்டியதில்லை.

இவ்விரண்டும் பெரும்பாலும் ஜெலட்டின் உறையில் வருபவை. ஜெலட்டின் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மனம் உறுத்துவோர் மாற்று உண்டா என மருத்துவரிடம் முன்னரே கேட்கலாம். அறுவை அரங்கின் வாசலில் கேட்பது முறையன்று!

மார்ஃபின் என்றதும் போதை என்று பதறுவோரும் உளர். கடுமையான வலிக்கு மருத்துவர் அளந்து தருவதைக் கேளிக்கைக்கு உட்கொள்வதோடு ஒப்பிடலாகாது. தேவையின் பொருட்டு இதனை ஃபிக்ஹு அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். மருத்துவத் தேவைக்கு இது எளிதில் கிடைக்கும்படி 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தையே 2014இல் திருத்தினர்.

அத்தாவுக்கோ அம்மாவுக்கோ அறுவை என்றால், அவர்கள் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரையை முதலில் எடுத்து வையுங்கள்.