மணலாறும் வெலி ஓயாவும்

காட்பாடி ஜங்ஷன் எதிரே டீக்கடை. பக்கத்தில் ஒரு பெரியவர் போனில் காஸா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று அணைத்துவிட்டு, “அங்கயும் ஊர்ப் பேரை மாத்திப்போட்டாங்கள், தம்பி” என்றார்.

மேல்மொணவூர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர். சொந்த ஊர் முல்லைத்தீவு மாவட்டம், கொக்குத்தொடுவாய். 1984 டிசம்பரில் ராணுவம் கிளப்பிவிட, கையில் கிடைத்ததோடு ஓடிவந்த குடும்பம்.

அந்த வட்டாரத்துக்கு மணலாறு என்று பெயர். 1988-ல் அது ‘வெலி ஓயா’ ஆனது. சிங்களத்தில் வெலி என்றால் மணல், ஓயா என்றால் ஆறு. புதுப் பெயர்கூட யோசிக்கவில்லை, மொழிபெயர்த்துவிட்டார்கள்! வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் இடம் அது. நடுவில் சிங்களக் குடியேற்றம் வந்தால் தமிழர் நிலத் தொடர்ச்சி அறுந்துபோகும். 1949-ல் கல்லோயாவில் தொடங்கிய அரசுக் குடியேற்றங்களின் நீட்சிதான் இது.

வெள்ளைக்காரன் நம்மை ஆண்டான், சுரண்டினான், 1947-ல் போய்விட்டான். நம் நிலத்தில் நாம் இருந்தோம். குடியேற்றக் காலனியம் வேறு ரகம். இருப்பவரைக் கிளப்பிவிட்டு, அங்கே வேறொருவரைக் குடிவைப்பது. பாலஸ்தீனத்தில் 1948-ல் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் காலியாயின. திரும்பிவர அவர்களை அனுமதிக்க வேண்டும் என்று அதே டிசம்பரில் ஐ.நா. 194-வது தீர்மானம் போட்டது. இஸ்ரேலோ 1950-ல், ‘ஊரில் இல்லாதவர்’ சொத்தை எடுத்துக்கொள்ளச் சட்டமே கொண்டுவந்தது. விரட்டியதும் அவர்கள்தான், ‘ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டதும் அவர்கள்தான்.

வந்து குடியேறியவர் எல்லோரும் கொடியவர்களா என்ன? ஹிட்லரிடமிருந்து உயிர் தப்பி வந்த யூதர்கள் அங்கே உண்டு. மணலாற்றில் கென்ட், டாலர் பண்ணைகளில் இருந்த மலையகத் தமிழரை வெளியேற்றிவிட்டு, சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுவந்து வைத்தது அரசு. 1984 நவம்பர் 30 அன்று புலிகள் அவர்களைக் கொன்றார்கள். அதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஏழையைக் கொண்டுபோய் வேலிக்கல்லாக நட்டால், முதல் அடி அந்தக் கல்லுக்குத்தான். அடுத்த அடி கொக்குத்தொடுவாய்க்கு விழுந்தது.

“போர் முடிஞ்சு தம்பி குடும்பம் திரும்பிப் போயிட்டுது. வீட்டுக்குப் போகலாம். வயல் இப்ப வேற ஆக்களிட்ட” என்றார். நிலப் பத்திரத்தை அவர்கள் ‘உறுதி’ என்பார்கள். அப்பா பெயரில் உள்ள உறுதி இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம்.

பாலஸ்தீனக் குடும்பங்கள் பழைய வீட்டுச் சாவியை இப்படித்தான் பத்திரமாக வைத்திருக்கின்றன என்றேன்.

“தெரியும்” என்றார். “போன்ல பார்த்தனான்.”