சூளையில் வெந்த கணினி

பீங்கான் பட்டறையில் வேலை பழகுகிறவருக்கு முதல் பாடமே சுருக்கம்தான். மண்ணை அரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் மண் படிந்து இறுகுகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை. அது காயும்போது கொஞ்சம் சுருங்கும். சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். பத்து அங்குலப் பிள்ளையார் வேண்டுமானால் அச்சு பதினோரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எந்த மண் எவ்வளவு சுருங்கும், எந்த மூலையில் விரிசல் விடும், சூளையின் எந்தத் தட்டில் சூடு தூக்கலாக நிற்கும் என்பதெல்லாம் விருத்தாசலத்துப் பட்டறைகளில் கைமாறிக் கைமாறி வரும் அறிவு.

1980இல் ஐபிஎம் நிறுவனம் 3081 என்ற பெருங்கணினியை அறிவித்தது. அதைச் செய்தவர்கள் மல்லுக்கட்டியதும் இதே சுருக்கத்தோடுதான். நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகளை ஒரே தட்டில் உட்காரவைத்து இணைப்பதற்காக, 90 மில்லிமீட்டர் சதுரத்தில் 33 அடுக்குப் பீங்கான் பலகை ஒன்றை உருவாக்கினார்கள். ஒவ்வொரு அடுக்கையும் பச்சையாக இருக்கும்போதே துளையிட்டு, உலோகக் குழம்பால் மின்தடங்களை அச்சிட்டு, அடுக்கி, அழுத்தி, சூளையில் ஏற்றினார்கள். வெந்து வெளியே வரும்போது பலகை 17 சதவீதம் சுருங்கியிருக்கும். அதில் மயிரிழை பிசகினாலும் சில்லின் தொடுபுள்ளியும் பலகையின் தடமும் ஒன்றையொன்று தொடாது.

கணினியின் வரலாறு தமிழில் எழுதப்படும்போது இந்தச் சூளைகள் கண்ணிலேயே படுவதில்லை. பாபேஜ், எனியாக், டிரான்சிஸ்டர், பில் கேட்ஸ், பெங்களூர், டைடல் பூங்கா என்று கதை ஓடிவிடுகிறது. நிரல் எழுதியவர்களுக்குக் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட மண்ணையும் ஆக்சைடையும் சுட்டவர்களுக்குக் கிடைப்பதில்லை. வரலாறு அரைகுறையாகிறது என்பது ஒரு பக்கம். பீங்கானுக்குப் பேர்போன ஓர் ஊர், கணினி யுகத்துக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எண்ணிக்கொள்வது இன்னும் பெரிய இழப்பு.

முதல் கணினிகளுக்குப் பெரும் தலைவலி நினைவகம். 1946இல் பிலடெல்பியாவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக்கில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. ஆனால் எண்களை நிறுத்திவைக்க இடம் மிகக் குறைவு. பின்னால் வந்தவர்கள் பாதரசக் குழாயில் ஒலி அலையாக எண்ணை ஓடவிட்டுப் பார்த்தார்கள். டிவி குழாய் போன்ற கண்ணாடிக் குடுவையின் திரையில் மின்புள்ளியாக வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் ‘வேர்ல்விண்ட்’ கணினியைக் கட்டிய ஜே ஃபாரஸ்டர் இந்தக் குடுவைகளோடு போராடி அலுத்துப்போனவர். அவருடைய குழு கடைசியில் நம்பியது ஃபெரைட் வளையங்களை.

இரும்பு ஆக்சைடோடு மாங்கனீசு, மக்னீசியம் ஆக்சைடுகளைக் கலந்து, அரைத்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டால் கிடைக்கும் காந்தப் பீங்கான்தான் இந்த ஃபெரைட். நெதர்லாந்தின் ஐந்தோவனில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடம் 1940களில் ஃபெரைட்டுகளை வளர்த்தெடுத்திருந்தது. கணினிக்கு ஏற்ற கலவையைச் சுட்டுக்கொடுத்தது நியூஜெர்சியைச் சேர்ந்த ஜெனரல் செராமிக்ஸ் என்ற பீங்கான் நிறுவனம். வளையம் கடுகளவு. வலப்பக்கமாகக் காந்தம் ஏறினால் 1, இடப்பக்கமாக ஏறினால் 0. வலைபோல் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கம்பிகள் சந்திக்கும் இடமெல்லாம் ஒரு வளையம். ஒரு குறுக்குக் கம்பியிலும் ஒரு நெடுக்குக் கம்பியிலும் பாதிப் பாதி மின்சாரம் அனுப்பினால், இரண்டும் சேரும் வளையம் மட்டும் திரும்பும், மற்றவை அசையாது. மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுதியது அழியாது. பாதி மின்சாரத்துக்கு மசியாமல் முழு மின்சாரத்துக்குச் சட்டென்று திரும்பும் அந்தக் குணம், கலவையின் விகிதத்தாலும் சூளையின் சூட்டாலும் வருவது. 1953இல் வேர்ல்விண்டில் இந்த நினைவகம் பொருத்தப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகள் உலகக் கணினிகளின் ஞாபகம் அனேகமாக ஃபெரைட்டில்தான் இருந்தது. உருப்பெருக்கிக்குக் கீழே வளையங்களைக் கம்பியில் கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய பெயர்கள் கணினி வரலாறுகளில் அனேகமாகக் கிடையாது.

இந்தியாவின் முதல் சொந்தக் கணினியிலும் இதே பீங்கான் உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அதைக் கட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ரங்கசாமி நரசிம்மன். சென்னையில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1960இல் இயங்கத் தொடங்கிய அந்தப் பொறிக்கு 1962இல் நேரு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். அதில் 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மானியம் டையோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள். நினைவகம் 40 பிட் அளவுள்ள 2,048 சொற்கள். ஒரு பிட்டுக்கு ஒரு வளையம் என்று கணக்குப் போட்டால், எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபெரைட் வளையங்கள். வெளிநாட்டுக் கணினியைக் காசு கொடுத்து வாங்குவதோடு நில்லாமல் கட்டியே பார்த்துவிடுவது என்று துணிந்த நரசிம்மனின் தலைமுறையைத் தமிழ்ப் பள்ளிப் பாடங்கள் இன்னும் நிறையப் பேச வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு 1973இல் வந்தது ஐஐடி மெட்ராஸின் ஐபிஎம் 370/155. அதன் முதன்மை நினைவகமும் ஃபெரைட் வளையங்கள்தான். அதன் தர்க்கச் சுற்றுகள் உட்கார்ந்திருந்தது அரை அங்குலப் பீங்கான் சதுரங்களின் மேல். இந்தச் சதுரங்களை ஐபிஎம் 1964இல் சிஸ்டம்/360 வரிசையோடு அறிமுகப்படுத்தியது. செய்முறை விருத்தாசலத்துக்காரர்களுக்கு அந்நியமாக இருக்காது. வெந்த அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) வில்லையின் மேல் சல்லடைத் திரையை வைத்து, உலோகக் குழம்பை வழித்துத் தடம் அச்சிட்டு, மறுபடி சூளையில் சுடுவார்கள். பிறகு ரெசிஸ்டர் குழம்பை அச்சிட்டு இன்னொரு சூடு. கோப்பையில் பூ அச்சிட்டுச் சுடுவதும் இதே வரிசையில்தான். பூவுக்குப் பதில் மின்சாரம் ஓடும் பாதை.

இங்கே ஜப்பானின் கியோட்டோவைப் பேசாமல் மேலே போக முடியாது. அதுவும் பழைய மண்பாண்ட ஊர். அகிரா முராட்டாவின் தந்தை அங்கே நடத்திவந்த பீங்கான் தொழிற்கூடம் மின்கம்பிகளுக்கான காப்புக் குமிழ்களைச் செய்துகொண்டிருந்தது. மகன் 1944இல் செராமிக் மின்தேக்கிகளில் இறங்கினார். கசுவோ இனமோரி வேலைக்குச் சேர்ந்த முதல் நிறுவனமும் கியோட்டோவில் காப்புப் பீங்கான் செய்ததுதான். அங்கிருந்து வெளியேறி 1959இல் கியோட்டோ செராமிக், அதாவது கியோசெரா நிறுவனத்தைத் தொடங்கினார். ஏழே ஆண்டில், 1966இல், ஐபிஎம்மிடமிருந்து 2.5 கோடி அலுமினா வில்லைகளுக்கு ஆர்டர் வந்தது. இன்று அகிரா தொடங்கிய முராட்டா நிறுவனம் உலகின் மிகப் பெரிய செராமிக் மின்தேக்கி உற்பத்தியாளர். கைபேசி ஒன்றில் இந்த மின்தேக்கிகள் ஆயிரம் வரை இருக்கலாம். மிகச் சிறியவற்றின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பேரியம் டைட்டனேட்டும் உலோகமும் மாறி மாறி அடுக்கிச் சுட்ட துகள்கள். இரண்டு நிறுவனங்களின் வேரும் மின்கம்பத்துப் பீங்கானில் இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விருத்தாசலம் பொம்மையோடு, அகல்விளக்கோடு நின்ற ஊர் அல்லவே. ஃபியூஸ் கட்டை முதலிய மின்பீங்கானும் செய்து பழகிய ஊர்.

1971இல் வந்த இன்டெல் 4004, முதல் வணிக நுண்செயலி, வெள்ளைப் பீங்கான் உறையில் தங்க மூடியோடு விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே பீங்கான் உறை வேறொரு பாடமும் கற்பித்தது. நினைவகச் சில்லுகளில் காரணமில்லாமல் 1கள் 0களாகப் புரண்டன. இன்டெலின் திமோத்தி மேயும் முர்ரே வுட்ஸும் 1978இல் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள்: உறைப் பொருளில் கலந்திருந்த இம்மியளவு யுரேனியமும் தோரியமும் உமிழ்ந்த ஆல்ஃபா துகள்கள். மூலப்பொருளின் சுத்தத்தை அதுவரை யாரும் அந்த நுணுக்கத்தில் பார்த்ததில்லை.

விலை மலிவால் பிளாஸ்டிக் உறை சந்தையைப் பிடித்துவிட்டது. ஆனாலும் சூடும் அதிர்வும் தாங்க வேண்டிய இடங்களில் பீங்கான் அசையவில்லை. 2025 செப்டம்பரில் டெல்லியில் பிரதமரிடம் வழங்கப்பட்ட, இஸ்ரோ வடிவமைத்து மொஹாலியில் தயாரான விக்ரம் 3201 செயலி இருப்பதும் செராமிக் உறைக்குள்தான்.

விருத்தாசலத்தில் என்ன இருக்கிறது? செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. செராமிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசு நிறுவனம் இருக்கிறது. பக்கத்தில் நெய்வேலியின் களிமண் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், சூளையின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைச் சொல்லும் கைகாரர்கள் இருக்கிறார்கள். இதை வைத்து நாளைக்கே கைபேசி மின்தேக்கி செய்துவிடலாம் என்று சொல்வது ஏமாற்று வேலை. நெய்வேலி மண்ணை மின்னணுத் தரத்துக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. சுத்தமான அலுமினா பாக்சைட்டிலிருந்து வருவது, அதை வேகவைக்க 1,600 டிகிரி வரை வேண்டும். பொம்மைச் சூளை அவ்வளவு எட்டாது. ஆனால் படிக்கட்டின் கீழ்ப்படிகள் எட்டக்கூடியவை: ஹீட்டர் காப்புகள், உணரிகளின் உறைக்குழாய்கள், ரெசிஸ்டருக்கான பீங்கான் தண்டுகள், சாதாரண அலுமினா வில்லைகள். ஓசூரில் முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் தொழில்துறைச் செராமிக்கைச் செய்துவருகிறது. கேரளத்தின் குட்டிப்புரத்தில் அரசு நிறுவனமான கெல்ட்ரான் எலக்ட்ரோ செராமிக்ஸ் இருக்கிறது. ஆக, தென்னிந்தியாவுக்கு இது புதிய தொழிலே இல்லை.

மின்னணு உதிரிபாக உற்பத்திக்கென்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் தனித்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் பார்வை பெரிய ஆலைகளோடு நின்றுவிடக் கூடாது. விருத்தாசலத்தில் ஒரு பொதுச் சோதனைக்கூடம் வேண்டும்: 1,600 டிகிரி எட்டும் மின்சூளை, பொடியின் மணியளவைப் பார்க்கும் கருவி, மின்காப்புத் திறனை அளக்கும் மேசை. பத்துப் பட்டறைகள் கைகோத்தாலும் வாங்க முடியாத சாமான்கள் இவை. அரசுக்கோ இது சின்னச் செலவு. டிப்ளமோ மாணவர்களும் பட்டறைக்காரர்களும் ஒரே கூரைக்கு அடியில் புதிய கலவைகளைச் சுட்டுப் பார்க்கட்டும். கெடுவது கெடட்டும், நல்லதாக வந்த வில்லைகளை எடுத்துக்கொண்டு ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் மாதிரி காட்டப் போகலாம்.