வட்டக்கானல் கஃபேயில் கேட்கும் அந்த மெதுவான இசை... எங்கே பிறந்தது தெரியுமா?

கொடைக்கானல் டூர் போகும் இளைஞர்களின் லிஸ்ட்டில் வட்டக்கானல் நிச்சயம் இருக்கும். டால்பின் நோஸ் போகும் வழியில் உள்ள சின்ன கிராமம். இஸ்ரேலியப் பயணிகள் அதிகம் தங்குவதால் 'குட்டி இஸ்ரேல்' என்ற செல்லப்பெயரும் உண்டு. அங்கே டீ குடிக்க உட்கார்ந்தால், மேகம் நகர்வதுபோல ஓர் இசை காதில் விழலாம். பெரும்பாலும் பாட்டு வரி இருக்காது, அவசரமும் இருக்காது. அதுதான் 'சில் அவுட்'. 'டவுன்டெம்போ' என்றும் சொல்வார்கள்.

'கொடைக்கானலில் எலெக்ட்ரானிக் மியூசிக்' என்றதும் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். 2020 பிப்ரவரியில் குண்டுப்பட்டியில் நடந்த போதை பார்ட்டியில் 200-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் போலீஸில் சிக்கியது நினைவிருக்கும். ஆனால், சில் அவுட் ஆட்டம் போடுவதற்கான இசை அல்ல. ஆடிக் களைத்தவர்களை உட்கார வைக்க வந்த இசை!

1989-ல் லண்டனின் 'ஹெவன்' கிளப்பில் ஆடிக் களைத்தவர்களுக்காகத் தனி அறை ஒதுக்கினார்கள். அங்கே அலெக்ஸ் பேட்டர்சன், ஜிம்மி காட்டி போன்றவர்கள் மெதுவான இசையை ஓடவிட்டார்கள். 1990-ல் காட்டியின் 'தி கேஎல்எஃப்' குழு, 'சில் அவுட்' என்ற பெயரிலேயே ஆல்பம் வெளியிட்டது. அதில் ரயில் சத்தமும் ஆடு கத்துவதும்கூட இசைதான்.

கோவா பார்ட்டிகளின் டிரான்ஸ் இசையில் நிமிடத்துக்குச் சுமார் 140 பீட். டவுன்டெம்போவில் 60 முதல் 110 வரைதான். பின்னணியில் தம்புரா சுருதிபோல ஒரே ஸ்வரம் நீளும். அதன்மேல் புல்லாங்குழல், மழை, பறவைச் சத்தம் என ஒவ்வொன்றாக வந்து சேரும். 1998-ல் வந்த 'ஷ்பாங்கிள்' குழுவின் முதல் ஆல்பம் இந்த வகையில் பிரபலம். அதில் புல்லாங்குழல் வாசித்த ராஜா ராம் நம்மூர்க்காரர் அல்ல... ஆஸ்திரேலியாக்காரர்!

ஸ்டூடியோவில் பதிவுசெய்து சேர்க்கும் அந்தக் காட்டுச் சத்தம், பழனி மலைச் சோலைகளில் நேரடியாகவே கேட்கிறது. சிரிப்பான் பறவை கூவும், மலை அணில் கத்தும், காட்டுமாடு புதரை விலக்கிப் போகும். 2013-ல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மலை இது. இங்கே ஸ்பீக்கரை அலறவிட்டால், மெதுவான இசையும் விலங்குகளுக்குத் தொல்லைதான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டிலிருந்தே விதி.

அதனால், கொடைக்கானல் பையில் ஸ்வெட்டரோடு இயர்போனையும் வையுங்கள். சோலைக்குள் நடக்கும்போது மட்டும் அதையும் கழற்றிவிடுங்கள்!