பயிற்சி வகுப்பும் கடை விதியும்

2018 ஏப்ரலில், பிலடெல்பியாவில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடையில் தொழில் பேச்சுக்காக ஒருவரை எதிர்பார்த்துக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைப் போலீசார் விலங்கிட்டு அழைத்துச் சென்றனர். எதுவும் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மேலாளர் புகார் சொல்லியிருந்தார். நாடே கொதித்தது. மே 29 பிற்பகல் அந்நிறுவனம் அமெரிக்காவில் 8,000-க்கும் மேற்பட்ட கடைகளை மூடி, சுமார் 1,75,000 ஊழியர்களுக்கு இனப்பாகுபாடு பற்றி வகுப்பெடுத்தது. அந்த முயற்சியை மதிக்கிறேன். ஆனால் ஒரு பிற்பகல் வகுப்பு மனிதரை மாற்றிவிடும் என்று நம்ப முடியவில்லை. சமூகவியலாளர்கள் பிராங்க் டாபினும் அலெக்சாண்ட்ரா கலேவும் அமெரிக்க நிறுவனங்களின் பல்லாண்டுத் தரவுகளை ஆராய்ந்து சொன்னதும் இதுதான்: கட்டாயப் பயிற்சியால் மேலாளர் பதவிகளில் கறுப்பினத்தவர் பெருகுவதில்லை, மூத்தவர் ஒருவரை வழிகாட்டியாக இணைத்துவிடுவது போன்ற ஏற்பாடுகளே பலன் தருகின்றன. வகுப்புக்குச் சில நாள் முன்பு அதே நிறுவனம் கொண்டுவந்த ஒரு விதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் யாரும் உட்காரலாம், கழிப்பறைக்குப் போகலாம். எவரைச் சந்தேகிப்பது, எவரை விட்டுவைப்பது என்ற அதிகாரம் அதனால் மேலாளரின் கையில் வெகுவாகக் குறைந்தது. கறுப்பின இளைஞனுக்கு அந்த நாற்காலி உறுதியானது. 2025 ஜனவரியில் அந்த விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வகுப்பு நடந்த நாளில் திரண்ட கேமராக்களில் பாதியாவது அன்று அங்கே இருந்திருக்க வேண்டும்.